தூக்கில் போட்ட பிள்ளை

அன்று களத்தில் இருந்தவர்கள் நான், என் மகன் இராஜாங்கம், மருமகள் அம்சம், இரண்டு வயது முடியாத அவர்கள் பிள்ளை செல்லதுரை, அம்சத்தின் அண்ணன் வீரையன், பண்ணையின் காரியக்காரர் நடராசன். அவ்வளவுதான். வண்டி மாடுகள் இரண்டும் இருந்தன. அவை பொய் சொல்லாது என்பதால் விட்டுவிட்டேன். எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் கலியமூர்த்தி அங்கே இல்லை. அவர் மன்னார்குடியில் இருந்தார். ஆனால் களத்தில் என்ன நடந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னது அவர்தான்.

நடந்தது இது. சம்பா அறுவடை. கூலி நெல் அளப்பதில் இராஜாங்கத்துக்கும் நடராசனுக்கும் வாய்ச்சண்டை. கட்டு அடிக்கிற இடத்தில் பிள்ளை குறுக்கே வந்துவிடக் கூடாதென்று அம்சம் அவனை நெற்கட்டு ஏற்றிய வண்டிமேல் உட்கார வைத்திருந்தாள். சண்டையை எட்டிப் பார்த்தானோ என்னவோ, சறுக்கி, கீழே கிடந்த நுகத்தடிமேல் விழுந்தான். இடது தொடை நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. யாரும் தள்ளவில்லை. நடராசன் களத்தின் அடுத்த கோடியில் நெல் அளக்கிற மரக்காலும் கையுமாக நின்றார். "நிக்கிறீங்களேடா! வண்டியைக் கட்டுங்கடா!" என்று முதலில் கத்தியதும் அவர்தான்.

அதற்காக அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்குத் தலைதட்டியும் பண்ணைக்குக் குவித்தும் அளப்பவர் அவர். அந்தக் குற்றம் அவருடையது. இந்தக் குற்றம் அவருடையதல்ல.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வேதநாயகம் பார்த்தார். தரங்கம்பாடிக்காரர், நிதானமான மனிதர்.

"அறுத்துக் கம்பி வைக்கணுங்களா?" என்று இராஜாங்கம் கேட்டான்.

"இந்த வயசுக்குக் கத்தியே வேண்டாம். எலும்பை நேரா நிறுத்தி வெச்சா அதுவே கூடிக்கும். நிறுத்தி வைக்கிறதுதான் கஷ்டம். அசையாதேன்னா இவன் கேப்பானா?"

பிள்ளையின் இரண்டு கால்களிலும் பிளாஸ்திரிப் பட்டை ஒட்டி, மேலே துணி சுற்றி, கயிறு கட்டிக் கட்டிலுக்கு மேலிருந்த இரும்புச் சட்டத்தில் மாட்டினார்கள். கயிற்றின் மறுமுனையில் எடைக்கல். கால்கள் இரண்டும் கூரையைப் பார்த்து நின்றன. முதுகு மெத்தையில், தலை தலையணையில். பிட்டம் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்குத் தூக்கி நின்றது.

"ஒடைஞ்சது ஒத்தைக் காலு. ரெண்டையும் ஏன் கட்டுறீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணை மட்டும் கட்டினா மத்தக் காலால உதைச்சுப் புரண்டுடுவான், பெரியவரே. விரலை அடிக்கடி அமுக்கிப் பாருங்க. வெளுத்துட்டு உடனே சிவக்கணும். சிவக்கலைன்னாலும் சில்லுன்னு இருந்தாலும் ஓடி வந்து சொல்லணும்."

அம்சம் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடை இழுக்க இழுக்கத் தொடையின் துடிப்பு அடங்கியது. பிள்ளை அழுகையை நிறுத்தினான்.

அந்த வார்டில் இந்த வைத்தியத்துக்குப் பெயர் தூக்கு. கஞ்சி எடுத்து வந்த வீரையனை நேரம் தவறிவிட்டதென்று உள்ளே விடவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஆயா சவரியம்மாளிடம் கேட்டிருக்கிறான்.

"உங்க பிள்ளையைத் தூக்குல போட்டாச்சுப்பா. இனிமே அழ மாட்டான்" என்று அந்த அம்மாள் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாள்.

அவன் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு ஓடினான். மறுநாள் காலையில் தெருவே திரண்டு கோடித்துணியோடு வார்டு வாசலில் வந்து மாரடித்தது. உள்ளே செல்லதுரை காலை மேலே நீட்டியபடி பன் தின்றுகொண்டிருந்தான். மாமனைப் பார்த்ததும் எச்சில் பன்னை நீட்டினான்.

"தூக்குன்னா இந்தத் தூக்குய்யா! நல்லா வந்தீங்க, துணியும் கையுமா!" என்று சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்ன லட்சணத்துக்குக் சாவுமேளத்தோட வராம விட்டோமே, அதுக்கு சந்தோஷப்படுங்க" என்றான் வீரையன்.

கோடித்துணியை அம்சம் கிழித்துப் பிள்ளைக்கு அடித்துணி ஆக்கினாள். அது தெரியாமல் வந்த பிழை. நானும் சிரித்தேன். அடுத்து வந்தது தெரிந்தே செய்தது.

கலியமூர்த்தி பழத்தோடு வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர். பிரியத்தில் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். துணிமணி எடுத்துவர நானும் இராஜாங்கமும் ஊருக்குப் போனபோது முக்கூட்டில், பொதுக்கூட்ட மேடைக்குப் பக்கத்தில், ஆள் உயரத் தட்டி நின்றது. அதில் என் பேரன். கட்டில் இல்லை, தலையணை இல்லை, வெட்டி எடுத்திருந்தார்கள். கட்டிய கால்களும் கயிறும் முகமும் மட்டும். கீழே சிவப்பு எழுத்து: பச்சிளம் பாலகனைக் காலைக் கட்டித் தொங்கவிட்ட பண்ணைக் கொடுமை பாரீர்!

"என்ன தம்பி இது?" என்று மேடையருகே நின்ற கலியமூர்த்தியைக் கேட்டேன்.

"படத்துல பொய் இல்லையே பெரியவரே. காலைக் கட்டியிருக்கா, இல்லையா?"

"கட்டினது டாக்டரு."

"கட்ட வெச்சது யாரு? கூலியை ஒழுங்கா அளந்திருந்தா சண்டை வருமா? பிள்ளை விழுவானா?"

"அப்ப அதை எழுது. இதை ஏன் எழுதினே?"

"அவ்வளவும் தட்டியில அடங்காதுங்களே."

"அப்பா, விடுங்க. நமக்காகத்தானே செய்யுறாங்க" என்று இராஜாங்கம் என் கையைப் பிடித்தான். உதறினேன்.

எங்களுக்காகவா? கழக ஆட்சியில், மிராசுதார் நிலத்தில் குடியிருப்பவனுக்கு அவன் மனைக்கட்டு சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் தெருவே நேற்று வந்து குந்தியது என்று பண்ணை எழுதிக் கொடுத்திருந்தது. அடுத்த வாரம் தாசில்தார் விசாரணை. எங்களிடம் காகிதம் எதுவும் கிடையாது. தெருவில் மூத்தவன் நான். என் வாய்தான் சாட்சி. பண்ணை வக்கீல் இந்தத் தட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, உன் பேரன் கதை நிஜமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? டாக்டரைக் கூப்பிட்டால் பொய் உடைந்துவிடும். பேரன் விஷயத்தில் பொய் சொல்ல விட்டவன் வீட்டு விஷயத்தில் மட்டும் நிஜம் சொல்வான் என்று யார் நம்புவார்கள்? எங்கள் குடும்பத்தில் சோறு இல்லாமல் இருந்திருக்கிறோம். சொல் இல்லாமல் இருந்ததில்லை.

அன்று மாலை மேடை ஏறினேன். தோளில் துண்டு போட்டுக்கொண்டுதான் ஏறினேன். மைக்கைக் கலியமூர்த்தி தரவில்லை, எடுத்துக்கொண்டேன்.

"இவன் என் பேரன். ஒடைஞ்சது இடது தொடை, ஒண்ணுதான். வண்டியிலேர்ந்து விழுந்தான். கட்டினது டாக்டரு, எலும்பு கூடுறதுக்கு. பண்ணை செஞ்ச அக்கிரமம் ஆயிரம் இருக்கு, நானே சொல்றேன். இது அதுல இல்லை."

"யோவ் பெருசு, பண்ணையில எவ்வளவு நெல்லு போட்டாங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"தலைதட்டித்தான் போட்டாங்க. உனக்குப் போட்ட மாதிரியே."

கூட்டம் சிரித்தது. நான் இறங்கிப் போய்த் தட்டியின் கயிற்றை அவிழ்த்தேன். இராஜாங்கம் சற்று நின்றான். பிறகு வந்து மறுமுனையைப் பிடித்தான்.

மறுநாள் நடராசன் வழியில் நிறுத்தினார். "சன்னாசி, ஐயாவுக்கு ரொம்ப சந்தோஷம். வந்து பாத்துட்டுப் போ."

"விசாரணையிலயும் பேசுவேன். அப்பவும் உங்க ஐயாவைச் சந்தோஷமா இருக்கச் சொல்லுங்க."

விசாரணையில் பண்ணை வக்கீல் எழுந்தார். "உங்க சங்கம் பொய் சொல்லுதுன்னு நீயே மேடையில சொன்னவன்தானே?"

"ஆமாங்க. எங்க ஆளு பொய் சொன்னாலும் சொல்லுவேன். அதனாலதான் இப்ப சொல்றதையும் எழுதிக்கச் சொல்றேன். இந்தத் தெருவுலதான் என் அப்பன் பொறந்தாரு."

தாசில்தார் எழுதிக்கொண்டார். தெரு முழுவதற்கும் பட்டா வந்தது.

செல்லதுரையைத் தூக்கிலிருந்து இறக்கி, மார்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு குச்சி வைத்து அனுப்பினார்கள். இடுப்பில் வைக்க முடியாமல் பலகைபோலச் சுமந்தோம். கட்டு வெட்டிய பிறகு தவழ்ந்தான், பிடித்து நின்றான், நடந்தான். முதலில் இடது கால் ஒரு விரல்கடை குட்டை. வளர வளரச் சரியாகும் என்றார் டாக்டர். சரியானது.

ஊரில் ஒரு பேச்சு இன்னும் இருக்கிறது. சன்னாசி பண்ணையிடம் இரண்டு மா நிலம் வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசினான், அந்தப் பாவத்தில்தான் பேரன் நொண்டுகிறான் என்று.

நிலம் வாங்கவில்லை. பையன் நொண்டவில்லை.