கட்டை டயரும் அசாம் ஜாவா வளைவும்

வண்டி ஓட்டுகிறவள் நான். டயர் வாங்கப் போன அன்று கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டது என் வீட்டுக்காரருக்கு.

எண்பத்தேழாம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் பிக்கப்பின் நான்கு டயரும், ரப்பரில் வெட்டியிருக்கும் பூ தேய்ந்து, மொழுமொழுவென்று ஆகியிருந்தன. தினமும் விடிவதற்கு முன்பே கடலோரத்து ஜெராம் போய், படகுத்துறையில் மீன் எடுப்போம். அங்கிருந்து அசாம் ஜாவா வரை தார்ச் சடக்கு. அதற்குப் பிறகு மூன்று தோட்டங்களுக்குள் செம்மண் சடக்கில் ஏறி இறங்கி, தொழிலாளிகள் குடியிருக்கும் லயம் லயமாக விற்போம். நிறுப்பதும் கூவுவதும் இவர் வேலை. செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை முள் பாய்ந்து இவருடைய இடது கண் போய்விட்டது. இவருக்கு லைசென்ஸ் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்தேன். இது கோலசிலாங்கூர் கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

டயர்க் கடைக்காரர் அப்பளசாமிக்கும் தெரியும். தெரிந்தும், "உக்காருங்க இருசப்பன், என்ன டயர் பாக்கறீங்க?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"அண்ணே, எங்க ஓட்டத்துல முக்கால்வாசி தாரு, கால்வாசிதான் மண்ணு. தார்ல மட்டும் ஓடற டயரப் போட்டா, செம்மண்ணு பூவுக்குள்ள அப்பிக்கிட்டு சுத்துது. பெருசு பெருசா ரப்பர் துருத்திக்கிட்டிருக்கற கட்டை டயரும் வேணாம். ஜீப்புக்குப் போடறாங்களே, கட்டை சின்னதா, நெருக்கமா, கட்டை மேலயே கீறல் கீறலா இருக்குமே, அது வேணும். ரெண்டு ரோட்டுக்கும் ஆகும். நாலும் ஒரே மாதிரி. ஐஸ் பொட்டி ஏத்தறதால பாரம் தாங்கற மாதிரி பாருங்க."

ரேடியோவில் பாமாயில் விலை வாசிப்பதைக் கேட்பது போல் அப்பளசாமி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் இவர் பக்கம் திரும்பினார்.

"தோட்டத்துக்குள்ள போற வண்டிதானே இருசப்பன்? பின்னால ரெண்டு பெரிய கட்டை போட்டுருங்க. முன்னால ரோட்டு டயர் போதும் லா."

எங்களோடு இவருடைய அண்ணன் ஐயாவு கூட வந்திருந்தார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். வாகனம் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"அவரு சொல்றது சரி," என்றார் ஐயாவு. "கட்டைதான் மண்ணக் கவ்வும். பதினஞ்சு வருஷமா டிராக்டர் ஓட்டறேன், எனக்குத் தெரியாதா?"

"டிராக்டர் ஜெராமுக்குப் போறதில்லியே மாமா."

"நீ மீனப் பாரும்மா. டயர நாங்க பாத்துக்கறோம்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவருடைய டிராக்டர் தார்ச் சடக்கைக் குறுக்கே தாண்டியிருக்கிறதே தவிர, அதில் ஓடியதில்லை. தோட்டத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சேற்றில் மாட்டாவிட்டால் நல்ல டயர், மாட்டினால் கெட்ட டயர். தார்ச் சடக்கு தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு. அந்தப் பெரிய டயரில் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே என் கை நுழைந்தது. பாதிக்குப் பாதி வெறும் சந்து. ஈரத் தாரில் பதிய ரப்பர் எங்கே இருக்கிறது?

மாட்டிவிட்டார்கள். இவர் தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல் நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, நான் வண்டியை ஏற்றி நசுக்கினேன்.

பொய் சொல்லக் கூடாது. மண்ணில் அந்த டயர் நன்றாகத்தான் போனது. தோட்டத்தின் பின் டிவிஷன் மேட்டில் முன்பெல்லாம் இவர் இறங்கித் தள்ளுவார். இப்போது ஆடு ஏறுவது போல் ஏறியது. ஐயாவு லயத்து முனையில் நின்று பார்த்துவிட்டு, "சொன்னேனா இல்லியா?" என்றார்.

பிறகு ஒரு மழை நாள். மீனும் ஐஸுமாக ஜெராமிலிருந்து வந்துகொண்டிருந்தோம். அசாம் ஜாவாவுக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. நான் வேகமாகப் போகவில்லை. வண்டியின் மூக்கை ஒழுங்காகத் திருப்பினேன். முன்பக்கம் தாரைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. பின்பக்கம் தனியாக ஊருக்குக் கிளம்பியது. வண்டி சுழன்று, பின் சக்கரம் சடக்கோரக் காண்டா வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. எங்களுக்கு அடியில்லை. பெட்டி கவிழ்ந்து கெம்போங் மீனெல்லாம் புல்லில் கிடந்தன.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, சன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார்.

"பொம்பளையா ஓட்டுனது?"

"ஆமா," என்றேன்.

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு கை கொடுக்கவில்லை. ஒரு மீனைக்கூடப் பொறுக்கிப் போடவில்லை.

அன்று சாயங்காலம் ஐயாவு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண்சாதி அம்சவள்ளியும் கூட வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஐயாவு கேட்டார்.

"எலுமிச்சம்பழத்த யாரு ஏத்துனது?"

"நான்தான்."

"அதான் பாத்தேன். அத ஆம்பள ஏத்தணும்."

அம்சவள்ளி அக்காள் என் காதோடு கேட்பது போல், ஆனால் எல்லோருக்கும் விழும்படியாக, "அன்னைக்கி நீ வீட்டுக்குத் தூரமா இருந்தியா கலா?" என்றார்.

டயரில் கட்டை எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை. என் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். "இல்லக்கா. வண்டிதான் தூரமாப் போயிருச்சு," என்றேன். அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாரு தம்பி," என்று ஐயாவு இவரிடம் சொன்னார். "நம்ம தங்கராஜு லைசென்ஸ் எடுத்துட்டான். சும்மாதான் கெடக்கறான். இனிமே அவன் ஓட்டட்டும். கலா வீட்டோட இருந்து பொட்டியக் கழுவிக் குடுத்தாப் போதும். சாவியக் குடும்மா."

கையை நீட்டினார். தங்கராஜு அவருடைய மகன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் எழுந்து, பரீட்சை எழுதி, மூன்று தோட்டத்துக்கும் நான் பழக்கிய ஓட்டம் ஒரு நிமிஷத்தில் இன்னொருவன் கைக்குப் போகப் பார்த்தது. அதற்குக் காரணம் அவர்கள் வாங்கிய டயர்.

"டயர மாத்திட்டு ஓட்டறேன் மாமா. அப்பவும் சறுக்குனா சாவியத் தரேன்."

"புது டயர எவனாவது மாத்துவானா? டயரு நல்ல டயரு. புடிக்கற கைதான் சரியில்ல."

"அப்ப நீங்களே புடிங்க. பழத்தயும் நீங்களே ஏத்துங்க. அடுத்த மழைக்கி ஜெராம் போயி மீன் ஏத்திக்கிட்டு வாங்க. நேரா வந்து சேந்தா, சாவி உங்க மகன் கையில."

"என்னம்மா, எனக்கே பரீட்சையா?" என்று ஐயாவு சிரித்தார். ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அக்காள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் நான்கு பழம், மறுபடியும் கற்பூரம். இந்தத் தடவை தேங்காயும் உடைத்தார்கள். ஐயாவு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு ஏற்றினார்.

மழைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, மறுநாளே கொட்டியது. மூவரும் முன்னால் உட்கார்ந்து போனோம். ஐயாவு ஓட்டினார், நான் நடுவில், இவர் சன்னலோரம். போகும்போது ஐயாவு வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். கியரை எப்படிப் போட வேண்டும், பிரேக்கை எப்படித் தொட வேண்டும் என்று எனக்குப் பாடம். திரும்பும்போது வளைவு வந்தது.

"மாமா, கால எடுங்க."

"எனக்கா சொல்ற?"

என்னைவிட மெதுவாகத்தான் திரும்பினார். இருந்தும் பின்பக்கம் கிளம்பியது. எதிரே வண்டி எதுவும் வராதது எங்கள் நல்ல காலம். அரைச் சுற்று சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றோம். எஞ்சின் அணைந்துவிட்டது. கூரை மேல் மழை மட்டும் சத்தம் போட்டது.

ஐயாவு ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"ரோடு சரியில்ல. எவனோ எண்ணெயக் கொட்டியிருக்கான்."

நான் சறுக்கினால் கை சரியில்லை, உடம்பு சரியில்லை, பழம் ஏற்றியது சரியில்லை. அவர் சறுக்கினால் ரோடு சரியில்லை.

"அன்னைக்கி மட்டும் ரோடு சரியா இருந்துச்சா மாமா?" என்றேன்.

சன்னலோரம் இருந்த இவர் கதவைத் திறந்தார்.

"அண்ணே, எறங்கு. இந்தப் பக்கம் வா. கலா ஓட்டட்டும்."

அன்று வியாபாரத்தை முடித்ததும் இவரை வீட்டில் இறக்கிவிட்டு நான் தனியாகக் கோலசிலாங்கூர் போனேன். அப்பளசாமி என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இருசப்பன் வரலியா?"

"இல்ல. இந்த டயரக் கழட்டிட்டு, அன்னைக்கி நான் கேட்டதப் போடுங்க. நாலும்."

"அவசரப்படாதம்மா. ஆம்பள வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம் மாத்தறேன்."

நான் வண்டிக்குத் திரும்பினேன். கடை வாசலில் லோரி ஏறும் பாதைக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அடுக்கி வைத்திருந்த டயர் மேல் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மணல் லோரி ஒன்று வந்து ஹார்ன் அடித்தது.

"வண்டிய எடும்மா," என்றார் அப்பளசாமி.

"எப்படிண்ணே எடுக்கறது? ஆம்பள வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்."

லோரிக்காரர் தலையை நீட்டிக் கடை முதலாளியைப் பார்த்து, "என்ன தவுக்கே, கடையா இல்ல சாமி ஊர்வலமா?" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் இன்னொரு லோரி வந்து நின்றது. அப்பளசாமி என்னைப் பார்த்தார், லோரிகளைப் பார்த்தார், கடைசியில் ஜேக்கை எடுத்துவரச் சொன்னார். கீறல் போட்ட சின்னக் கட்டை டயர், நான்கும் ஒரே மாதிரி. ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்துத்தான் மாட்டவிட்டேன். விலையில் கூடுதலாக வந்த பணத்தைக் கொடுத்தேன்.

அந்த வாரம் முழுவதும் மழை. வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தின் பின்னாலேயே வந்தது. பின் டிவிஷன் மேட்டில் கொஞ்சம் முக்கியது, ஆனால் ஏறிவிட்டது. இவர் இறங்கித் தள்ளவில்லை.

லயத்தில் நிறுத்தியதும், எங்களிடம் மீன் வாங்கும் இராஜம்மா சட்டியோடு வந்து டயரைப் பார்த்தாள்.

"நல்ல டயரா இருக்கே. உன் வீட்டுக்காரரு பாத்து வாங்குனதா?"

நான் வாயைத் திறப்பதற்குள், கெம்போங் வாங்கத் தூக்குச் சட்டியோடு நின்ற ஐயாவு முந்திக்கொண்டார்.

"நாந்தான் சொன்னேன். நாலும் ஒரே மாதிரி போட்டாத்தான் புடிக்கும்னு."

இராஜம்மாவுக்கு இவர் நிறுத்துப் போட்டார். அடுத்துத் தராசு ஐயாவு பக்கம் திரும்பியது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

"இரு கலா, அண்ணனுக்கு இன்னும் நிறுக்கல."

"ஏறுங்க," என்றேன். "ஓட்டறவளுக்கு நேரமாச்சு."

இவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தராசோடு ஏறிக்கொண்டார்.