வளையம் இல்லாத சனி

பயம் என்றால் ஆக்னஸுக்கு அப்படியொரு பயம். நாலு பேர் முன்னால் வயலின் வாசிப்பதா? செகந்திராபாத் சர்ச்சில் சின்ன வயதிலிருந்து வாசிக்கிறவளுக்கு அதெல்லாம் ஜுஜுபி. கண்ணை நினைத்துத்தான் பயம். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும், இருட்டில் ஒன்றும் தெரியாது என்று டாக்டர் சொன்னதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. இசைக்குழுவுக்குத் தெரிந்தால் ‘பாவம், ஓய்வெடுக்கட்டும்’ என்று நாற்காலியை எடுத்துவிடுவார்கள். அந்த நாற்காலிதான் அவளுக்கு உயிர்.

இந்த நேரம் பார்த்தா குழுவை நடத்தும் வெங்கட்ரமணனுக்கு ஞானோதயம் வரவேண்டும்! பக்கச் சுவர் முழுக்கத் திரை, அதில் கிரகங்களின் படம், அதற்கேற்ற இசை. விளக்கே கூடாதாம், கிரகத்தின் வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டுமாம். மகானுபாவர்! ஆக்னஸ் வாயைத் திறக்காமல் அத்தனை பக்கத்தையும் மனப்பாடம் செய்தாள்.

கச்சேரியன்று செவ்வாய்க் கிரகமும் வியாழன் கிரகமும் நல்லபடியாகப் போயின. சனி தொடங்கியது. திடீரென்று கும்மிருட்டு.

போச்சு! ஏசுவே, இன்றைக்கா? நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று விடாமல் வாசித்தாள். சுற்றிலும் ஒவ்வொரு வாத்தியமாக அடங்கியது. என்னைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்களோ?

“கரெண்ட் போயிந்தி!” என்று யாரோ தெலுங்கில் கத்தினார்கள்.

“அக்கா, நிறுத்துங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியல” என்றாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நோட்டு ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கும் அஸ்வினி. “நீங்க மட்டும் எப்படி வாசிக்கிறீங்க? சூப்பர்!”

யாருக்கும் தெரியவில்லை! ஆக்னஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருட்டில் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து வெகு நாளாயிற்று.

கரெண்ட் வந்தது. கைதட்டல். திரையில் மஞ்சளாக, உருண்டையாகச் சனி. நிம்மதியில் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

“ஏ பிள்ள, ரிங்கைக் காணோமே? படத்த மாத்திட்டாங்களா?”

“ஜோக் அடிக்காதீங்கக்கா. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ரிங்குதானே!”

ஆக்னஸ் தலையை இடப்பக்கம் திருப்பினாள். இருந்தது. வலப்பக்கம் திருப்பினாள். அங்கேயும் இருந்தது. அஸ்வினியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“அக்கா, உங்களுக்கு…”

“வயலின் வில்லை எடு” என்று ஆக்னஸ் அவசரமாக வயலினைத் தோளில் வைத்தாள். “சார் கையத் தூக்கிட்டாரு.”

அஸ்வினி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

“இல்லக்கா, இன்னும் தூக்கல” என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். “தூக்கினதும் நான் சொல்றேன்.”