சார் பார்த்துட்டார்

அரசாங்க லிஃப்ட் பரிசோதனை அலுவலகத்தில் அவருக்கு டார்ச்லைட் என்று பெயர். எந்த இருட்டைக் கண்டாலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு பார்ப்பதற்கு வீட்டு ஃபிரிட்ஜ்தான் மிச்சம். கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று திறந்து திறந்து பார்த்தார்.

"உள்ள என்ன ஆளா மாட்டிக்கிட்டு இருக்கு? எங்கயாவது வேலைக்குப் போங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கூப்பிட்டது ஒரு லிஃப்ட் கம்பெனி. ஆலோசகர் பதவி, சுழல் நாற்காலி. நேற்றுவரை குற்றம் கண்டுபிடித்த இடத்திலேயே போய் உட்காருவது உறுத்தத்தான் செய்தது. ஆனால் நாற்காலி நன்றாகச் சுழன்றதால் உறுத்தல் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

முதல் வேலை, ஒன்பது மாடிக் குடியிருப்பில் வருடாந்தரப் பரிசோதனை.

"நீங்க எங்ககூட சும்மா நின்னாப் போதும் சார். குழியெல்லாம் நேத்தே சுத்தம் பண்ணியாச்சு," என்றார் கம்பெனி மேனேஜர்.

குழி என்பது லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளம். லிஃப்ட் நிற்காமல் கீழே வந்துவிட்டால் தாங்கிக்கொள்ள அங்கே ஸ்பிரிங்குகள் இருக்கும்.

பரிசோதிக்க வந்தவர், டார்ச்லைட்டின் கீழ் பல வருஷம் வேலை பார்த்த இன்ஸ்பெக்டரம்மா.

"சார்! தொப்பை வந்திருச்சே. கம்பெனி நல்லாக் கவனிக்குது போல."

"நாற்காலி அப்படிம்மா."

மொட்டைமாடி மோட்டார் அறையில் கயிறு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டுக் கீழே வந்த இன்ஸ்பெக்டரம்மா, "குழி?" என்றார்.

"பார்த்துட்டேம்மா."

வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. உண்மையில் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சார் பார்த்தாச் சரி." இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மேனேஜர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

டார்ச்லைட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. கம்பெனிக்கு அவருடைய ஆலோசனை ஒன்றும் தேவைப்படவில்லை. இந்த அம்மா வாயிலிருந்து வரும் அந்த 'சார்' தேவைப்பட்டது. அதைத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

"கையைக் காட்டும்மா," என்றார்.

அவர் காலத்தில் அலுவலகத்தில் அது ஒரு வழக்கம். குழியில் இறங்குகிறவர் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளங்கையில் கிரீஸ் இல்லாமல் திரும்பினால் டார்ச்லைட்டிடம் அன்றைக்கு அர்ச்சனைதான்.

பழக்க தோஷத்தில் இன்ஸ்பெக்டரம்மா கையை நீட்டிவிட்டார். பளிச்சென்று இருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, "உங்க கையைக் காட்டுங்க சார்," என்றார்.

அது அதைவிடப் பளிச்சென்று இருந்தது.

"பொய் சொல்லிட்டேம்மா. இறங்கிப் பாரு."

இன்ஸ்பெக்டரம்மா ஏணியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "முழங்கால் அளவுக்குத் தண்ணி. ஒரு ஸ்பிரிங் துருப்பிடிச்சு ஒடிஞ்சு கிடக்கு. லிஃப்டை நிறுத்துங்க."

நிறுத்தினார்கள்.

"சும்மா நில்லுங்கன்னுதானே சார் சொன்னேன்? அதுகூட வரலைன்னா எப்படி?" என்ற மேனேஜர், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, அவரை விட்டுவிட்டே காரில் கிளம்பிப் போனார்.

"ஜீப்புல ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"வேண்டாம்மா. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போனா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"அது இப்பதான் உறைக்குதா சார்?" சிரிக்காமல்தான் கேட்டார். ஜீப் புறப்பட்ட பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஒன்பதாவது மாடி அம்மா ஒருவர் இரண்டு பெரிய பைகளோடு வந்து, செத்துக் கிடந்த லிஃப்ட் பொத்தானை நாலு குத்துக் குத்தினார்.

"எந்த மகராசன்யா இதை நிறுத்தினது?"

"நான்தாம்மா," என்று டார்ச்லைட் இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டு படியேறினார்.

அந்த அம்மா திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆமா, நீங்க கவர்மெண்டா, கம்பெனியா?"

டார்ச்லைட் பைகளை இறக்கி வைத்துச் சுவரில் சாய்ந்தார்.

"முதல்ல மூச்சு வரட்டும்மா, சொல்றேன்."