தள்ளிப் போகும் அடுக்களைக்கு வந்த பின்னூட்டங்கள்

எங்கள் வீட்டு அடுக்களை தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் அடுப்பு தெரியும். இப்போது நடுவில் ஒரு நடை வந்துவிட்டது. நடையின் கோடியில் ஒரு மஞ்சள் பல்பு எரிகிறது. அதன் கீழே என் மனைவி அம்சவேணி நிற்கிறாள். என்னமோ சொல்கிறாள். பாதிதான் கேட்கிறது.

நான் வலைப்பதிவன். கஷ்டம் வந்தால் பதிவு போடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. உட்கார்ந்து எழுதினேன். 'அடுக்களை தள்ளிப் போகிறது, உள்ளே மனைவி இருக்கிறாள், உதவி தேவை' என்று தலைப்பு வைத்தேன். இதற்கு மேல் தெளிவாக எழுத எனக்கு வராது.

எங்கள் தேசிய வலைப்பதிவர் ஒன்றியத்தில் பின்னூட்டத்தை நேரில் வந்துதான் போட வேண்டும். வாசலில் செருப்பை விட்டு, உள்ளே வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள். முதலில் வருகிறவருக்கு வடை. வந்த ஒவ்வொருவருக்கும் பதிவர் இரண்டு கையையும் கூப்பி நன்றி சொல்ல வேண்டும். ஒற்றைக் கையால் சொன்னால் அது எதிர்ப்பதிவு ஆகிவிடும். அப்புறம் அவர்கள் பதிவு போடும்போது நாம் போக வேண்டும். நாட்டில் உள்ள பதிவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் தாங்குகிறோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

வெளியிடும் பொத்தானை நான் அமுக்குவதற்கு முன்பே வாசலில் ஆள் நின்றார். வெயில்நேசன் என்ற பெயரில் எழுதுகிறவர்.

"அருமை," என்றார். "வடை எனக்குத்தான்."

"இன்னும் பதிவே வெளிய வரலையே."

"வரும்ல. வந்தா அருமையாத்தான் இருக்கும்."

பொத்தானை அமுக்கினேன். "வடை அடுக்களைல இருக்கு. அடுக்களை அங்க இருக்கு," என்று நடையைக் காட்டினேன்.

அவர் நடையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார். "பரவால்ல, அடுத்த பதிவுல சேத்து வாங்கிக்கறேன்," என்றார். கைகூப்பினேன். அவர் போவார் என்று நினைத்தேன். சுவரோரமாக நின்றுகொண்டார்.

அடுத்து வந்தவர், "பகிர்வுக்கு நன்றி, தொடருங்கள்," என்றார். எதைத் தொடரச் சொல்கிறார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் சமையல் குறிப்பு பிரமாதம் என்றும், வீட்டில் செய்து பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் சொன்னார். எல்லோருக்கும் கைகூப்பினேன். கூப்பி நிமிரும்போதெல்லாம் பல்பு கொஞ்சம் சிறுத்திருந்தது. யாரும் திரும்பிப் போகவில்லை. வாசலில் கிடந்த செருப்புகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தன.

இவர்கள் படிக்கிறார்களா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பதிவின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'இதைப் படித்தவர்கள் இடது காதைத் தொட்டுக்கொண்டு உள்ளே வரவும்.'

கூட்டம் வந்துகொண்டே இருந்தது. யாரும் காதைத் தொடவில்லை. ஒருவருக்கு இடது காதே இல்லை. அவரைச் சந்தேகப்படுவது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஒரு பெண்மணி இடது காதைப் பிடித்தபடி உள்ளே வந்தார். பெயர் சௌந்தரவல்லி. 'தண்டவாள எறும்பு' என்று எழுதுகிறவர். அவர் அருமை என்று சொல்லவில்லை.

"எப்பலேந்து இப்படி இருக்கு?" என்றார்.

"காலைலேந்து."

"நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"எங்கங்க, பின்னூட்டம் வந்துக்கிட்டே இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நடையின் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். "உங்க வீட்டம்மா உங்களத்தான் கூப்பிடறாங்க," என்றார். "கொடிக்கயிறு இருக்கா?"

இருந்தது. துணிக்குப் போடும் கிளிப்புகளோடு கழற்றிக் கொடுத்தேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். மறு முனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"இந்த முடிச்ச மட்டும் பாத்துக்குங்க. நான் சுண்டினா நீங்க இழுங்க."

"வடை வந்ததும் உங்களுக்கு ஒண்ணு..."

"எனக்கு வடையெல்லாம் வேணாம்."

சொல்லிவிட்டு நடைக்குள் போனார். கயிறு தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். தீரவில்லை. நடை நீள நீளக் கயிறும் நீண்டது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த அம்மாள் மேல்தான் பெரிய சந்தேகம் வந்தது. வடை வேண்டாம் என்று சொன்ன பதிவரை நான் பார்த்ததே இல்லை. தன் பதிவுக்கு வரச் சொல்லவும் இல்லை. எதுவும் வேண்டாதவர் எதற்காக வருகிறார்? என் அடுக்களையை வைத்து நாளைக்கு ஒரு தொடர் எழுதப் போகிறாரோ என்னவோ.

அப்போது ஒன்றியத்தின் தலைவர் பொன்முகிலன் வந்தார். தோளில் பொன்னாடை. அவருக்கு யாரும் போர்த்தியதில்லை, எப்போதும் போர்த்திக்கொண்டே வருவார்.

"கவலைய விடுங்க. ஒரு பதிவருக்கு ஒண்ணுன்னா ஒன்றியமே வந்து நிக்கும்," என்றார்.

நின்றார்கள். கூடம் நிறைய, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நன்றாகவே நின்றார்கள்.

"யாராச்சும் ரெண்டு பேரு உள்ள போனா நல்லாருக்கும்," என்றேன்.

"அதான் நிக்கிறோமே."

தலைவர் கயிற்றைப் பார்த்துவிட்டார். யார் கட்டியது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"எல்லாரும் கூடத்துல நிக்கறோம். ஒருத்தர் மட்டும் உள்ள போனா ஒன்றியம் ரெண்டாப் போச்சுன்னு ஆயிடாதா?"

"ஆயிடும்," என்றார்கள் எல்லோரும். கண்ணை மூடிக் கேட்டேன். ஒரே ஒரு ஆளின் குரல். கண்ணைத் திறந்தேன். கூடம் நிறைய ஆட்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

தலைவர் முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். கயிற்றின் முனையை என் கையில் வைத்தார்.

"கம்பில கட்டினா அது குழு அரசியல். கையில புடிச்சா அது உங்க சொந்த விஷயம். ஒன்றியம் அதுல தலையிடாது."

அந்த நேரம் கயிறு சுண்டியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். உள்ளேயிருந்து அம்சவேணியின் குரல் முழுசாகக் கேட்டது.

"ஏங்க, புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன்."

"விட்டுறாதீங்க. இங்க கீழ தரை இல்ல. இந்தம்மாவும் என்னோடதான் தொங்கறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேட்டு எத்தனையோ நாளாகிறது. காலை அகட்டி வைத்து இழுத்தேன். பல்பு பெரிதானது. இழுக்க இழுக்க அவள் சேலையின் பச்சை தெரிந்தது. கையில் உளுந்து மாவு தெரிந்தது. பக்கத்தில் சௌந்தரவல்லி மூச்சு வாங்குவதும் கேட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும்.

கூடம் திடீரென்று அமைதியானது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

ஆராவமுதன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் முதன்முதலாக வலைப்பதிவு எழுதியவர் அவர்தான். யாருக்கும் பின்னூட்டம் போட்டதில்லை. நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் அவர் வருவாரா என்று வாசலைப் பார்த்திருக்கிறேன். அம்சவேணி சாப்பிடக் கூப்பிட்டபோதுகூட வாசலைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் எதிரே வந்து நின்றார்.

"முழுசாப் படிச்சேன்," என்றார். "ரெண்டாவது பத்தியில ஒரு கால்புள்ளி வச்சிருக்கீங்க. நல்லா இருந்துச்சு."

எனக்குப் புல்லரித்தது. இவரிடம் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"புடிச்சிருக்கீங்கல்ல?" என்றாள் அம்சவேணி.

தலைவர் என் காதருகே குனிந்தார். "ரெண்டு கை," என்றார்.

கயிற்றை வெயில்நேசனிடம் நீட்டினேன். "கொஞ்சம் புடிங்களேன்."

"அருமை," என்றார். கை நீட்டவில்லை.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். "தொடருங்கள்," என்றார்.

ஆராவமுதன் காத்திருந்தார். பிறகு லேசாகத் திரும்பித் தன் செருப்பைப் பார்த்தார்.

நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

"வருகைக்கும் கருத்துக்கும் மிக்க நன்றி, ஐயா," என்றேன்.

கயிறு கிளிப்புகளோடு தரையில் ஓடியது. அது போவதற்கு வழிவிட்டு, கூடத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.