காலாப்பட்டுக்குப் போன ஆமைக்குஞ்சு

1

இந்தக் கதை எனக்கு மதிலுக்கு மேலாக வந்தது. மூலக்குளத்தில் என் பக்கத்து வீட்டுத் தீபலட்சுமி, கொல்லையில் பாத்திரம் கழுவும்போது வாழையடியில் ஒரு ஆமைக்குஞ்சைப் பார்த்திருக்கிறாள். நடந்ததைச் சொல்லி, போனில் படம் காட்டி, ஒரு கேள்வியும் கேட்டாள். "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று உள்ளே வந்தவன், சொல்ல வாய் வராமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'விடிய விடியப் பெய்த மழையில் வாழையிலைகள் தலைகுனிந்து—' வேண்டாம், அலங்காரம்.

இரண்டாவது: 'தீபலட்சுமிக்கு ஏழாம் மாதம்.' இதுதான் சரி. போன முறை ஏழாம் மாதத்தில்தான் குழந்தை தங்காமல் போனது. [எழுதலாமா இதை? எழுதிவிட்டேன்.]

ஆகவே அவள் மாமியார் செல்வாம்பாள் கத்தியதை நான் கேலி செய்யப்போவதில்லை.

"வூட்டுக்குள்ள ஆமையா? தூக்கி ரோட்டுல போடுடீ! புள்ளத்தாச்சி அத தொடலாமா?"

3

கணவன் மதிவாணன் தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டுகிறான். நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"லாரி ஏறிடும்மா. கடலாமை, வழிதப்பி வந்துருக்கு. காலாப்பட்டுல குஞ்சுங்கள கொண்டாந்து அலைல வுடுறாங்க, நானே பாத்துருக்கேன். இதயும் வுட்டுட்டு வந்துடறேன்."

எங்கள் ஊரில் ஆமை என்றாலே எல்லோரும் கடல் பக்கம்தான் பார்ப்போம்.*

"கைல வெச்சா கீறுதுங்க. வெரலு வெரலா நகம் இருக்குது" என்றாள் தீபலட்சுமி.

"குஞ்சுதான, கீறும்."

* கடலாமைக்குக் கால்கள் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும். விரல்கள் பிரிந்து நகத்தோடு இருந்தால் அது குளத்து ஆமை. படத்தைப் பார்த்த பிறகுதான் நானும் தேடிப் படித்தேன். எங்கள் மனைகள் குளத்தைத் தூர்த்துப் போட்டவை. குஞ்சு அதன் இடத்தில்தான் இருந்தது.

4

டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடியில் ஆணியால் துளை போட்டு, பைக்கில் கொண்டுபோனான். வீடியோவும் எடுத்திருக்கிறான். இரண்டு முறை அது மணலுக்கே திரும்பி நடக்கிறது. மூன்றாம் முறை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை விடுகிறான். "போ கண்ணு, போ" என்கிறான். என்னால் அதை மறுபடி பார்க்க முடியவில்லை.

5

முடிவு ஒன்று: வலையில் சிக்கிய குஞ்சை ஒரு மீனவர் எடுத்து, ஊர்க் குளத்தில்— [எனக்கே நம்பிக்கையில்லை.]

முடிவு இரண்டு: உப்புத் தண்ணீரில் அது

முடிவு மூன்று: ஆமைக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிறேன். [அவள் வேண்டிக்கொண்டுவிட்டாள். இனி எப்படிச் சொல்வேன்?]

6

அவள் கேட்டது இதுதான்:

"பொழச்சிருக்கும்ல சார்? அது பொழச்சா எம்புள்ளயும் தங்கணும்னு வேண்டிகிட்டேன்."

மறுபடி மதிலருகே வந்து நிற்கிறாள். ஒரு கை வயிற்றின்மேல், மறு கையில் போன். பழைய படம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. போனை மதில்மேல் வைத்து, இரண்டு விரலால் ஆமையின் காலைப் பெரிதாக்குகிறாள்.

நீங்களாவது அவளிடம் ஏதாவது சொல்லுங்கள்.