பழசைக் கொடுத்து வாங்கிய காது

அப்புக்குட்டனின் காது பாறைக் குவாரியில் போனது. வாலிபம் முழுக்க வெடிச் சத்தத்துக்கு நடுவில் நின்றவருக்குக் காது மிஞ்சினால்தான் அதிசயம். சட்டைப் பையில் தீப்பெட்டி மாதிரி ஒரு மிஷின், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அதை வைத்துக்கொண்டு கேரள எல்லையோரக் குளத்தூரில் குறையில்லாமல்தான் இருந்தார். பேட்டரி தீர்ந்தால் முக்குக் கடையில் பென்சில் பேட்டரி கிடைக்கும். கீழே விழுந்தால் இரண்டு தட்டு தட்டிப் போட்டுக்கொள்வார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி கார்த்தியாயினிக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பஸ் கண்டக்டரோடு வந்த மாதிரி இருக்கிறது என்பாள். ஒரு ஆடி மாதம் களியக்காவிளையில் இலவசக் காது பரிசோதனை முகாம் என்று நோட்டீஸ் வந்தது. இலவசம் என்றால் நம் ஆட்களுக்குக் கால் சும்மா இருக்குமா? கணவனை இழுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போனாள்.

டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு விற்பனைப் பெண், புளியங்கொட்டை அளவில் ஒன்றை அவர் காதுக்குள் வைத்தாள். "இப்ப பின்னால நின்னு மெதுவா கூப்பிடுங்கம்மா" என்றாள். கார்த்தியாயினி முணுமுணுக்கிற மாதிரி கூப்பிட்டாள். அவர் சட்டென்று திரும்பினார். அங்கேயே அழுதுவிட்டாள் கார்த்தியாயினி. இனி வேறென்ன விற்பனைப் பேச்சு வேண்டும்?

பழைய மிஷினைக் கொடுத்தால் ஆடித் தள்ளுபடி. ஆனால் தமிழ்நாட்டு விலாசத்துக்கு மட்டும். எல்லைக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு சங்கடமா? எந்த வீட்டுக்கும் அந்தப் பக்கம் ஒரு மாமன் உண்டு. கொல்லங்கோட்டு மாமனின் விலாசத்தில் பில் போட்டார்கள். பழைய மிஷினை அந்தப் பெண் ஒரு அட்டைப்பெட்டியில் எறிந்தாள். பெட்டி நிறைய அதே மாதிரி மிஷின்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தவை.

இரண்டு வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு கார்த்தியாயினிக்கு நெஞ்சில் புற்று வந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் லேகா புருஷன் வீட்டிலிருந்து வந்து கூட நின்றாள். அம்மாவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றையும் அப்புக்குட்டன் பிடித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் புளியங்கொட்டை கண்ணை மூடியது. எவ்வளவு சார்ஜ் போட்டும் அசையவில்லை.

லேகா அதைத் தூக்கிக்கொண்டு அதே கம்பெனியின் நெய்யாற்றின்கரைக் கிளைக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் பில்லைப் பார்த்துவிட்டு, இது தமிழ்நாட்டு பில், இங்கே எடுக்க மாட்டோம் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டாள். அங்கிருந்து மார்த்தாண்டம். அங்கே உள்ளவன் நல்ல பையன்தான், மறைக்காமல் சொன்னான். பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டித்தான் செய்கிறார்கள், திறந்தால் உடைந்துவிடும். அந்த மாடலையும் நிறுத்தியாயிற்று. ஓணம் ஆஃபரில் இதைக் கொடுத்துப் புதுசு எடுக்கலாம், வர ஒரு வாரத்துக்கு மேலாகும், புதுசு வந்த பிறகு இதைக் கொடுத்தால் போதும். அந்தப் பழைய ஒயர் மிஷினாவது உண்டா என்று கேட்டாள். வரவழைக்க வேண்டும், அதற்கும் அத்தனை நாள் ஆகும் என்றான். வேறு வழியில்லாமல் புதுசுக்கே சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஒரு வாரம் அம்மா தாங்குவாளா என்பதுதான் வழியெல்லாம் அவள் நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்புக்குட்டன் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். செத்துப்போன மிஷினை வாங்கித் திரும்பவும் காதில் வைத்துக்கொண்டார்.

"அம்மைக்கு தெரியண்டாம் மக்கா. அவளாக்கும் இதை வாங்கச் சொன்னது. போற நேரத்துல அந்த வெசனம் அவளுக்கு வேண்டாம்."

அதற்குப் பிறகு மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து, அவள் உதடு அசையும்போதெல்லாம் சிரித்துத் தலையாட்டினார். தண்ணீர் கேட்டாலும் தலையாட்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் தலையாட்டு. லேகா ஓடிவந்து தண்ணீர் கொடுப்பாள், ஜன்னலைச் சாத்துவாள். இரண்டு பேருக்கும் நடுவில் பாலமாக நின்று அவள் ஓய்ந்துபோனாள்.

ஒரு சாயங்காலம் கஞ்சியோடு வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். அம்மா அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய காற்றுக் குரல் வாசற்படிவரை வந்தது.

"நான் ஒங்களுக்கு பாரமாயிட்டேன், இல்லியா?"

அப்புக்குட்டன் சிரித்தார். ஆமாம், ஆமாம் என்று இரண்டு முறை தலையாட்டினார்.

கார்த்தியாயினி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். லேகா கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். "அம்மா, அப்பாக்க மிஷின் கெட்டுப்போச்சு. ஒண்ணும் கேக்கல்ல. சும்மா தலையாட்டுதாரு அம்மா" என்று காதோடு சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். மூடிய கண் திறக்கவில்லை. விடிவதற்குள் உயிர் போய்விட்டது. மகள் சொன்னது அம்மாவின் காதில் விழுந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்.

சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த மறுநாள் கூரியர்க்காரன் வந்தான். பளபளவென்று பெட்டி, உள்ளே ஓண வாழ்த்து அட்டை. லேகாவே அப்பாவின் காதில் வைத்துவிட்டாள். முற்றத்துக் காக்கைச் சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"கடைசியா எனக்க கையைப் பிடிச்சிட்டு அம்மை என்னமோ கேட்டாளே மக்கா. நீ வாசல்ல நின்னியே. என்ன கேட்டா?"

 உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் தாங்கமாட்டார் என்று லேகாவுக்குத் தெரியும்.

"கஞ்சி குடிச்சாச்சான்னு கேட்டா அப்பா."

 அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"அன்னைக்கு நான் ஒண்ணும் குடிக்கல்லியே மக்கா" என்றார். "கடைசி நேரத்துல அவகிட்ட பொய் சொல்லி அனுப்பிப்போட்டேனே."

குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அழட்டும், இதற்கே அழுதுகொள்ளட்டும் என்று லேகா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.