சீல் ஐயா சிரித்த கதை

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பணியில் சேர்ந்தபின் முதல்முறையாகச் சிரித்தபோது, எதிரே கிடந்த பழைய கார் பம்பரில் குரோம் முலாம் ஏறியது. அன்று தக்காளி விலையும் இறங்கியிருந்ததால், ஊரில் இரண்டு செய்தியையும் சேர்த்தே பேசிக்கொண்டார்கள்.

அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் சீல் ஐயா. முன்பு கால்வாய்க் கரை நெடுக முலாம் பட்டறைகள் இருந்தன. பம்பர், கதவுக் கைப்பிடி, சக்கர மூடி, எதைக் கொடுத்தாலும் தொட்டியில் முக்கி, முகம் பார்த்துத் தலை வாரலாம் என்கிற மாதிரி எடுத்துத் தருவார்கள். தொட்டியில் மிஞ்சியது கால்வாய்க்குப் போகும். தண்ணீர் மஞ்சளாக ஓடியது, இறங்கியவர்களின் கால்கள் புண்ணாயின. பிறகு புது விதிகள் வந்தன. கழிவுநீர் ஒரு சொட்டு வெளியேறக் கூடாது, ஆவி கூரையைத் தாண்டக் கூடாது. சீல் ஐயா ஒவ்வொரு பட்டறையாகப் போய்ச் சோதித்து, அரக்கு சீல் வைத்துப் பூட்டினார். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சில வருடங்களில் கால்வாயில் மீன் திரும்பியது. யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. மீனை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் அக்காவுக்கு அதே ஊரில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அவள் நிமிர்த்தி, பள்ளம் மிஞ்சிய இடத்தில் பட்டி மாவு பூசித் தேய்ப்பாள், அவள் புருஷன் பெயிண்ட் அடிப்பான். வேறு கார்களில் கழித்துப் போட்டதைச் சேர்த்துச் சேர்த்து இருவரும் தங்களுக்கென்று ஒரு கார் கட்டினார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் காருக்கு அடியில், ஒருவர் காருக்கு மேலே என்றே இருந்தவர்களுக்கு, முன் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசை. முன் பம்பர் மட்டும்தான் பாக்கி. அதற்குக் குரோம் வேண்டும் என்றாள் அக்கா. பம்பரைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஒரு பட்டறை மெத்தைக் கடையாகியிருந்தது. அனுமதி வாங்கிய ஒரு பெரிய ஆலையில், ஒரே அளவில் ஆயிரம் பம்பர் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். இன்னொருவன் காதோடு காதாக, இருட்டினதும் பின்வாசலுக்கு வா என்றான். அவனை அவள் திட்டிய திட்டில் எதிர்க்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். அந்த மஞ்சள் தண்ணீரில் கால் புண்ணானவர்களில் அவள் தங்கையும் ஒருத்தி.

பம்பரைக் கொட்டகையில் வைத்துவிட்டு, விசாரிக்க மட்டும் போய் அவள் வெறுங்கையோடு திரும்பிய ஒரு நாள், அதற்குள் பெயிண்டர் பம்பருக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஸ்பேனர் வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

கொட்டகையில் பெயிண்ட் புகையைச் சோதிக்க சீல் ஐயா வந்தது அந்தச் சமயத்தில்தான்.

“எல்லாத்தையும் மூடினீங்க சார், சந்தோஷம். ஒத்தை பம்பருக்கு விதிப்படி குரோம் போடுற இடம் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் அக்கா.

சீல் ஐயா தன் பதிவேட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். “இல்லைம்மா,” என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது.

“வெள்ளிப் பெயிண்டே போதும்னு அவகிட்ட சொல்லுங்க சார்,” என்றான் பெயிண்டர்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க சார்.”

இருவருக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான். ஆனாலும் சீல் ஐயா கடமை தவறாதவர். இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார், அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

பெயிண்டர் குரல் இறங்கியது. “அவ தெருத்தெருவா சுமந்துக்கிட்டு அலையறதைப் பார்க்க முடியல. அதையும் சொல்லுங்க சார்.”

அதையும் சொன்னார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “அவர் மூளையில பள்ளம் விழுந்திருக்கு, பட்டி போட்டுத் தேய்க்கணும்னு சொல்லுங்க.”

சீல் ஐயா பெயிண்டர் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தங்கள் மூளையில் பள்ளம் ஏற்பட்டிருப்பதாகவும், அதனைப் பட்டி போட்டுத் தேய்க்க வேண்டும் எனவும் தங்கள் மனைவி தெரிவிக்கிறார்.”

சொன்னது தன் காதிலேயே விழுந்தது. குளிரில் நின்ற லாரி கிளம்புவதுபோல் முதலில் நெஞ்சுக்குள் ஏதோ உதறியது, பிறகு சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. பம்பரில் வெள்ளிப் பெயிண்ட் வெங்காயச் சருகாக உரிந்து விழுந்தது. அடியிலிருந்து குரோம் ஓரம் தப்பாமல் ஏறி வந்தது. மூன்று பேரின் முகமும் அதில் தெரிந்தது.

சீல் ஐயா சிரிப்பை அடக்கியதும் செய்த முதல் காரியம், சாக்கடை நீரையும் கொட்டகைக் காற்றையும் தன் எச்சிலையும் சோதனைக்கு அனுப்பியது. எதிலும் ஒன்றுமில்லை. மேலிடம் இரண்டு மாதம் ஆலோசித்து, விதித்த ஒலி அளவை மீறாமல் சிரிக்கலாம் என்று அனுமதித்தது.

அதன்பின் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கைப்பிடியும் கிரில்லுமாக ஆட்கள் வந்தார்கள். ஜோக் சொன்னார்கள், கிச்சுகிச்சு மூட்டினார்கள். சீல் ஐயா முகம் அசையவில்லை. அக்காவும் பெயிண்டரும் உதவிக்கு வந்து சண்டை போட்டுக் காட்டினார்கள். ஆனால் சமாதானமானவர்கள் போடும் பொய்ச் சண்டையில் மெல்லிய பூச்சுதான் ஏறியது, வாரத்தில் உரிந்துவிட்டது. நிஜச் சண்டை உள்ளவர்கள் வந்தால்தான் சரிப்படும் என்று தெரிந்துபோனது. பேசாத தம்பதிகள், பாகப் பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகள், ஒரு சம்பந்தி வீட்டார் முழுதாக ஒரு வேனில், எல்லோரும் பம்பரோடு வந்து இருபுறமும் நின்றார்கள். நடுவில் சீல் ஐயா ஒருவர் சொன்னதை மற்றவரிடம் அரசாங்கத் தமிழில் எடுத்துச் சொல்லி, அதைத் தானே கேட்டுச் சிரித்தார், குரோம் ஏறியது. பெரும்பாலானவர்கள் பம்பரை மறந்துவிட்டுக் கைகோத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை.

அக்காவும் பெயிண்டரும் தங்கள் காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வழி தப்பியதில் சண்டை வந்தது. நேருக்கு நேர் பார்த்தே போட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் கணக்கு டீச்சர் ஒருத்தி ஸ்கூட்டர் கண்ணாடியின் வளையத்தோடு தனியாக வந்தாள். சண்டைக்கு ஆள் எங்கே என்று சீல் ஐயா கேட்டார். “எனக்கு யாரும் இல்ல. வேணும்னா உங்ககூடவே போட்டுக்கறேன்,” என்று சொல்லி, அவர் விதிப் புத்தகத்தின் கூட்டல் பிழைகளில் ஆரம்பித்தாள். மறு வருடம் கல்யாணம். இப்போது அவர்கள் வீட்டில் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, குழாய், கரண்டி எல்லாமே குரோம். காலையில் தெருக்கேட் கூடுதலாக மின்னினால், பால்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “நேத்து கொஞ்சம் பலமான சண்டைதான் போல,” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.